பட்டியலில் விடுபட்டவர்கள்

மார்ச் 14

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ எப்படி இருக்கிறாய்? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை நான் பஸ் ஏறிய அன்றே பழையபடி ரொட்டியும் டீயும்தானா?

இரண்டு நாள் லீவு கொடுத்ததே பெரிய விஷயம். இரண்டு நாளும் மழை. சன்னலைச் சாத்திக்கொண்டு, உன் ஒற்றை அறையில் பேசிப் பேசியே பொழுதைத் தீர்த்தோம். உன் குறட்டையைக் கேட்டுக்கொண்டு தரையில் படுத்திருந்தது, இந்த ஆஸ்பத்திரி விடுதிக் கட்டிலைவிட நூறு மடங்கு தேவலை. திரும்பி வந்த மறுநாள் மட்டும் உடம்பு கொஞ்சம் அசதியாக இருந்தது. ஆறு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கினால் யாருக்குத்தான் இருக்காது? அரை நாள் தூங்கி எழுந்து டியூட்டிக்குப் போய்விட்டேன்.

இங்கே காய்ச்சல் வார்டில் கட்டில் போதவில்லை. "கண்ணுக்கே தெரியாத ஒண்ணுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமாக்கா?" என்று அன்றைக்குக் கேட்டாய். தூக்கக் கலக்கத்தில் சரியாகப் பதில் சொல்லவில்லை. கேள். இந்தக் கொரோனா வைரஸ் மேலே ஒரு கொழுப்புச் சட்டை போட்டிருக்கிறது. சோப்பு பட்டால் கொழுப்பு கரையும். சட்டை கிழிந்தால் ஆள் காலி. அதனால்தான் விரல் இடுக்கு, கட்டைவிரல், மணிக்கட்டு என்று இருபது நொடி தேய்க்கச் சொல்கிறோம். நீ இரண்டு நொடி நனைத்துப் பேன்ட்டில் துடைக்கிறாயே, அதற்குப் பெயர் கழுவுவது இல்லை.

அரசாங்க அறிவிப்பை உங்கள் ஸ்டுடியோவில் பதிவு செய்யப்போவதாகச் சொன்னாயே, முடிந்ததா? போன் செய்தால் நீ எடுக்க மாட்டாய். நாள் முழுக்க ஹெட்போன் மாட்டியிருப்பவனுக்கு வீட்டில் போன் மணி கேட்டால் எரிச்சல் என்பாய். எனக்கும் பன்னிரண்டு மணி நேரம் போன் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. நமக்குக் காகிதமே சரி. உடனே எழுது.

உன் நலம் விரும்பும்,
அக்கா


மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். ரொட்டி, டீ, கூடவே ஒரு முட்டை. போதுமா?

பதிவு 12ஆம் தேதியே முடிந்தது. முடிந்ததா, எங்களை முடித்ததா என்று கேள். குரல் கொடுத்தது எங்கள் நடைமேடை. உனக்குத் தெரியும், ரயில் நிலையங்களில் "வந்துகொண்டிருக்கிறது" என்று சொல்கிற அந்தக் குரல் இந்த அம்மாளுடையதுதான். ஸ்டுடியோவில் எல்லாரும் நடைமேடை என்றே கூப்பிட்டு, இப்போது அவருக்கே சொந்தப் பெயர் மறந்திருக்கும். கணவர் இல்லை. பதினோரு வயதில் ஒரு பெண். வீடு ஓடுவது அந்தக் குரலை வைத்துத்தான்.

அறிவிப்பு நாற்பது நொடி. எடுத்தது நாற்பத்தொரு டேக். வந்த அதிகாரி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனும் கையுமாக நின்றுகொண்டு, ஒரு மீட்டர் என்பார், அடித்துவிட்டு இரண்டு மீட்டர் என்பார், மறுபடி ஒன்று. பதிவறைக்குள் பேசுகிற மைக் கெட்டுப்போயிருந்ததால், திருத்தத்தைச் சொல்ல நானும் உள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். பீரோ அளவு அறை. முழங்காலும் முழங்காலும் இடிக்க உட்கார்ந்து, "இடைவெளியைக் கடைப்பிடியுங்கள்" என்று அவர் படிக்கிறார், நான் தலையாட்டுகிறேன். சிரிப்பை அடக்கமுடியாமல் ஆறு டேக் வீண்.

நீ திட்டாதே. மைக், மேசை, கதவுப்பிடி எல்லாவற்றையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தோம். கையை எத்தனை தடவை கழுவினோம் என்று கணக்கில்லை. காற்றை வெளியே தள்ளுகிற மின்விசிறி ஒன்று உண்டு, அது உறுமும். பதிவின்போது அதை எப்போதும் நிறுத்திவிடுவோம், அன்றும் நிறுத்தினோம். மூன்று மணி நேரத்தில் சட்டையைப் பிழிந்தால் ஒரு குவளை வேர்வை வந்திருக்கும்.

நேற்று நடைமேடை வரவில்லை. திங்கட்கிழமையிலிருந்து தொண்டை கட்டியிருக்கிறதாம், லேசாக இருமலாம். நாற்பத்தொரு டேக் கத்தினால் கட்டாதா?

எனக்கு ஒன்றுமில்லை.

அன்புடன்,
தம்பி


மார்ச் 23

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். படித்து முடித்தபோது உட்கார்ந்திருந்தேன்.

விசிறியை ஏனடா நிறுத்தினீர்கள்? கையைக் கழுவு, மேசையைத் துடை என்றெல்லாம் சொன்னேன். மூச்சைப் பற்றிச் சொல்லாமல் விட்டது என் தப்பு. இப்போது கேள். மூடிய அறையில் ஒருவன் சிகரெட் பிடித்தால் புகை எங்கே போகும்? அவன் வாயருகே மட்டுமா நிற்கும்? பேசும்போது வருகிற மூச்சும் அப்படித்தான். மெல்லிய துளிகள், புகை மாதிரி மிதக்கும், அறை முழுக்கச் சேரும். இருமவேண்டும் என்றுகூட இல்லை. உரக்கப் பேசினாலே போதும். காற்று ஓட வழி இருந்தால் கலைந்து போகும், இல்லாவிட்டால் அடுத்தவர் நெஞ்சுக்குள் போகும். உங்கள் அறையில் பூச்சி பறக்கக்கூட இடம் இல்லை.

முதலில் நடைமேடை அம்மாளைப் பரிசோதனைக்குப் போகச் சொல். இன்றே. அந்த வாரம் அவரைப் பார்த்தவர்கள் எல்லாரிடமும் சொல்லச் சொல். இது வெட்கப்படுகிற விஷயம் இல்லை, மழையில் நனைவது மாதிரி.

நீ பக்கம் பக்கமாக எழுதியதில் உன் உடம்பைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. "எனக்கு ஒன்றுமில்லை." உன்னை என் ஏழு வயதிலிருந்து தெரியும். மாடிப்படியில் விழுந்து கையை உடைத்துக்கொண்டு வந்தபோதும் இதே இரண்டு சொல்... இல்லை, அன்று ஒன்றுதான் சொன்னாய்.

அன்று உன் உடம்பு எப்படி இருந்தது? அதை எழுது. வேறு எதுவும் எழுதவேண்டாம்.

கவலையுடன்,
அக்கா


ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும். பேனாவைப் பிடிக்கத் தெம்பில்லை. நீ போன் செய்தது தெரியும். எடுக்காமல் செய்தி மட்டும் அனுப்பினேனே, குரல் கட்டியிருப்பதாக, அது பாதி உண்மை. என் குரலைக் கேட்டால் மீதியைக் கண்டுபிடித்துவிடுவாய் என்று பயம்.

எனக்கும் வந்துவிட்டது. 19ஆம் தேதி காய்ச்சல், பரிசோதனையில் இருக்கிறது என்றார்கள். அறையிலேயே இருக்கிறேன். பக்கத்து அறை மெக்கானிக் சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஓடுகிறார். ஓடுகிற வேகத்தைப் பார்த்தால் ஒலிம்பிக்குக்குப் போகலாம். காய்ச்சல் நின்று மூன்று நாள் ஆகிறது.

நடைமேடை ஆஸ்பத்திரியில் இருக்கிறார். ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். குப்புறப் படுக்கவைத்திருப்பதாகச் சொன்னார்கள். மகள் பக்கத்து வீட்டில் இருக்கிறாள்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். 12ஆம் தேதி காலை எழுந்தபோதே தொண்டை அரித்தது. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துவிட்டுப் போனேன். அதிகாரி வருகிறார், அன்று மாலையே ஒலிபரப்பாகவேண்டும், என்னைவிட்டால் ஆள் இல்லை. வாசலில் எல்லார் கையிலும் மருந்து ஊற்றினார்கள். தொண்டை எப்படி என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பிறகு மூன்று மணி நேரம் அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்திருந்தேன்.

தினமும் மூன்று முறை ஒரு வேன் எங்கள் தெருவில் அந்த அறிவிப்பைப் போட்டுக்கொண்டு போகிறது. என்ன தெளிவு, என்ன கணீர். அந்த அம்மாள் அங்கே மூச்சுக்குத் தவிக்கிறார். காதைப் பொத்திக்கொள்கிறேன் அக்கா. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன்?

ஒன்று மட்டும் புரியவில்லை. மார்ச் முதல் வாரத்தில் எங்கள் ஊரில் ஒருவருக்குக்கூட வரவில்லை. எனக்கு எங்கிருந்து வந்தது? நீ நாள் கணக்குப் போடுவாயே, போட்டுச் சொல்.

தம்பி


ஏப்ரல் 9

அன்புத் தம்பிக்கு,

காய்ச்சல் நின்றது கேட்டு நிம்மதி. தண்ணீர் நிறையக் குடி. மூச்சு வாங்கினால் குப்புறப் படு. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்ட விரலில் மாட்டுகிற கருவி ஒன்றை மெக்கானிக்கிடம் சொல்லி வாங்கு. தொண்ணூற்று நான்குக்குக் கீழே காட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

அந்த அம்மாள் பிழைப்பார். குப்புறப் படுக்கவைப்பது நல்லதற்குத்தான்.

எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை விடு. இப்போது அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? என் மூச்சு தொண்ணூற்றேழு. பரீட்சையில் வாங்காத மார்க்கை எல்லாம் இப்போது வாங்குகிறேன்.

நல்ல செய்தி. நடைமேடைக்கு ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள். சாதாரண வார்டுக்கு மாற்றியாயிற்று. முந்தாநாள் எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். படித்ததும் உயிரே போய்விட்டது. "தம்பி, என்கிட்டேர்ந்துதான் உங்களுக்கு வந்திருக்கணும். எனக்குத்தானே முதல்ல காய்ச்சல். மன்னிச்சுக்குங்க. உங்க வீட்ல கேட்டா என் பேரைச் சொல்லுங்க." என் தொண்டை விஷயம் அவருக்குத் தெரியாது அக்கா. என்ன பதில் எழுதுவது? "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதிவிட்டுப் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

சுகாதாரத் துறையிலிருந்து ஒருவர் வந்து, காய்ச்சலுக்கு முன்னால் இரண்டு வாரம் யார் யாரைப் பார்த்தேன் என்று பட்டியல் கேட்டார். ஸ்டுடியோ ஆட்கள், முடி வெட்டுகிறவர், மெக்கானிக், காய்கறிக்கடை என்று பதினேழு பேரை எழுதிக் கொடுத்தேன். நேற்றுதான் உறைத்தது, உன்னை எழுதவில்லை. மறைக்கவேண்டும் என்று இல்லை. அவர் "தொடர்பில் இருந்தவர்கள்" என்று கேட்டார். அக்காவைப் போய் யாராவது அப்படி நினைப்பார்களா? அது உன்னைக் கேட்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. நீ ஜாக்கிரதையாக இரு, நான் உனக்கும் கொடுத்திருக்கலாம்.

உன் போன கடிதம் எட்டே வரி. நீ கடைக்காரருக்கு எழுதுகிற சீட்டுகூட அதைவிட நீளம். என்மேல் கோபமா? கோபம் என்றால் திட்டி எழுது. உன் திட்டு இல்லாமல் வாய் கசக்கிறது.

தம்பி


மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. விடுதிக்குப் போன் செய்தேன். ஆமாம், நானேதான், போன் செய்தேன். "நல்லா இருக்காங்க, டியூட்டில இருக்காங்க" என்றார்கள். நல்லா இருக்கிறவள் ஏன் எழுதவில்லை?

நடைமேடை வீடு திரும்பிவிட்டார். தெருவில் நின்று, மாடியில் இருந்தவரிடம் பேசிவிட்டு வந்தேன். ஒல்லியாகிவிட்டார். "நல்லா இருக்கேன் தம்பி" என்பதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினார். முன்பெல்லாம் ஒரு ரயில் புறப்படும் ஊர், சேரும் ஊர், நிற்கிற நிலையங்கள் மொத்தத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்பார். டாக்டர் நாளாகும் என்கிறாராம். எத்தனை நாள் என்று சொல்லவில்லை. குரல் திரும்பாவிட்டால் வேறு என்ன வேலை தெரியும் அவருக்கு?

தொண்டை விஷயத்தைச் சொல்லிவிட்டேன். தெருவில் நின்று கத்திச் சொன்னேன், தெருவே கேட்டது. அவர் மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். பிறகு, "தெரிஞ்சிருந்தா மட்டும் நான் எழுந்து போயிருப்பேனா? எனக்கும் அந்தக் காசு வேணும்ல" என்றார்.

எழுது அக்கா. ஒரு வரியாவது.

தம்பி


மே 19

என் தம்பிக்கு,

நான் நலம். அதை எழுதவே கை கூசுகிறது.

உனக்கு நான்கு கடிதம் எழுதினேன். நான்கையும் கிழித்தேன். இதைக் கிழிக்கப் போவதில்லை. எழுதியதும் நேரே போய்த் தபால்பெட்டியில் போட்டுவிடப் போகிறேன்.

உனக்கு வந்தது என்னிடமிருந்துதான்.

மார்ச் 9, உன் வீட்டிலிருந்து திரும்பிய மறுநாள், தலைவலி, அசதி. உனக்குப் பஸ் அலைச்சல் என்று எழுதினேன். எழுதாமல் விட்டது ஒன்று. அடுத்த நாள் ஊசி போடுவதற்கு ஸ்பிரிட் புட்டியைத் திறந்தபோது வாசனையே இல்லை. மூக்கருகில் வைத்துப் பார்த்தேன், தண்ணீர் மாதிரி இருந்தது. அப்போது அதை அறிகுறி என்று யாரும் எழுதிவைக்கவில்லை. ஜலதோஷம் என்று நினைத்துக்கொண்டேன். உன் ஏப்ரல் 4 கடிதத்தைப் படித்தபோது நாள் கணக்குத் தானாகவே வந்து உட்கார்ந்தது. வார்டில் பிடித்திருக்கிறது. காய்ச்சல் வருவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே மற்றவருக்குப் பரவும். அந்த இரண்டு நாள்தான் நான் உன் அறையில் இருந்தேன். ஐந்தாம் நாள் உனக்குத் தொண்டை அரித்தது. அதற்கு நான்காம் நாள் அந்த அம்மாளுக்கு இருமல். ஏப்ரல் கடைசியில் எங்கள் எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எனக்கு வந்துபோனதற்கு ரத்தத்தில் அடையாளம் இருக்கிறது. நூற்றுக்கு நூறு என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

வார்டில் பன்னிரண்டு மணி நேரமும் முகக்கவசம் போட்டிருப்பேன். காது பின்னால் புண்ணே வந்துவிட்டது. அதை நான் கழற்றியது உன் வீட்டில் மட்டும்தான். தம்பி வீட்டில் எதற்கு என்று கழற்றி ஆணியில் மாட்டினேன். சன்னலைச் சாத்தியதும் நான்தான், உனக்குச் சாரல் அடிக்கிறது என்று.

நீ என்னைப் பட்டியலில் எழுதவில்லை என்று படித்தபோது எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. நீ உன்னையே குற்றவாளி ஆக்கிக்கொண்டு தவித்தாய். நான் "அந்தக் கேள்வியை விடு" என்று எழுதினேன். ஆறு வாரம் உன்னைத் தவிக்கவிட்டேன். வைரஸைக் கொண்டுவந்தது தெரியாமல் செய்தது. இது தெரிந்து செய்தது.

இப்போது என்னைத் தொடர்பு தேடும் பிரிவில் போட்டிருக்கிறார்கள். நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களைப் பிடித்து, "யாரையெல்லாம் பார்த்தீங்க, பயப்படாம சொல்லுங்க" என்று கெஞ்சுகிறேன். கேட்கிற எனக்கே சொல்ல வாய் வரவில்லை.

அந்த அம்மாளிடமும் இதைச் சொல். என் விலாசத்தையும் கொடு.

அக்கா


ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? உன் உடம்பைத்தான் கேட்கிறேன். வந்துபோனவளைப் பார்த்து இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மூச்சு வாங்குகிறதா? வாசனை திரும்பிவிட்டதா?

கடிதம் வந்த அன்று கோபம் வந்தது. பொய் சொல்லவில்லை. நீ கொண்டுவந்ததற்கு இல்லை. எட்டு வரிக் கடிதத்துக்கு. அதை இருபது தடவை படித்திருப்பேன், அக்காவுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று. மறுநாள் கோபம் போய்விட்டது. அங்கே தனியாக உட்கார்ந்து நான்கு கடிதத்தைக் கிழித்திருக்கிறாய். ஒன்றையாவது அனுப்பியிருக்கக் கூடாதா, அசடே.

என் கணக்கு ஒன்று சொல்கிறேன். உனக்கு அன்று ஒரு இருமல்கூட இல்லை. தெரியாது. எனக்குத் தொண்டை அரித்தது, தெரியும். தெரிந்தவன் நான், வாயைத் திறக்காதவனும் நான். என் பங்கை நீ எடுத்துக்கொள்ளாதே. சின்ன வயதில் என் தட்டிலிருந்து எடுத்தது போதும்.

நடைமேடையிடம் சொல்ல மாட்டேன். என்னிடம் கோபப்படாமல் விட்டார். இன்னொரு முறை எதற்குக் கிளறுவது? ஸ்டுடியோவுக்கு வர ஆரம்பித்திருக்கிறார். விசிறி ஓடுகிறது, நான் கண்ணாடிக்கு வெளியே. ஒரு வாக்கியத்தை மூன்று துண்டாகப் படிக்கிறார், நான் உட்கார்ந்து ஒட்டுகிறேன். ஒட்டியது தெரியாமல் ஒட்ட அரை நாள் ஆகிறது. முதலாளிக்கு இன்னும் தெரியாது. நேற்று ஒரு முழு வரியை நிறுத்தாமல் படித்துவிட்டு, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கெடுக்க என்னால் முடியாது.

உன் தம்பி


ஜூன் 9

அன்புத் தம்பிக்கு,

நலம். வாசனை பாதி வந்திருக்கிறது. சோப்பு தெரிகிறது, டீ தெரியவில்லை. நீ கேட்டதைப் படித்துவிட்டு விடுதி மாடியில் உட்கார்ந்து அழுதேன். நல்ல அழுகைதான், பயப்படாதே.

ஆனால் சொல். அவர் தன்னால் உனக்கு வந்தது என்று ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தாரே, ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு. யாரோ சொல்லாமல் விட்டதால் இன்னொருவர் சுமந்தார். எங்கள் பிரிவில் தினமும் இதைத்தான் பார்க்கிறேன். சொல்லாமல் விட்டவர் வீட்டிலிருந்துதான் அடுத்த ஆள் வருகிறார். அந்த அம்மாள் கோபப்பட்டால் படட்டும். அது அவருக்குச் சேரவேண்டியது. அதை அவருக்குக் கொடுக்காமல் நாம் இரண்டு பேரும் பங்கு போட்டு வைத்துக்கொள்ளக் கூடாது.

நீ சொல்லாவிட்டால் நானே எழுதுவேன்.

அக்கா


ஜூன் 28

மதிப்பிற்குரிய சகோதரிக்கு,

வணக்கம். நீங்கள் நலமா? நான் உங்கள் தம்பி நடைமேடை என்று கூப்பிடுகிற ஆள். என் மகளும் நலம். என் நலத்தை எழுதுவது சுலபம், சொல்வதுதான் கஷ்டம், இடையில் இரண்டு நிறுத்தம் வரும்.

உங்கள் தம்பி ஒரு வாரமாக என் முகத்தைப் பார்க்காமல் ஒயர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். போன வியாழக்கிழமை சொல்லிவிட்டார். உங்கள் கடிதத்தையும் காட்டினார்.

எனக்குக் கோபம் வந்தது. உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. என் மூச்சுதான் எனக்கும் என் பெண்ணுக்கும் சோறு போடுகிறது. முகம் தெரியாத ஒருத்தி தம்பி வீட்டுக்கு விருந்து வந்துவிட்டுப் போனதில் அது பாதியாகிவிட்டது. அன்று முழுக்க மனதுக்குள் உங்களை என்னென்னவோ சொன்னேன். எழுத முடியாது, எழுதினால் தபால்காரர் தாளைத் தொட மாட்டார்.

மறுநாள் காலையில் கோபம் இருந்த இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில், காய்ச்சலுக்கு இரண்டு நாள் முன்பிருந்தே பரவும் என்று இருக்கிறது. எனக்கு இருமல் வந்தது மார்ச் 16. அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, பஸ்ஸில் போனேன். நல்ல கூட்டம், வெளியே மழை, சன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன். உட்கார்ந்திருந்த ஒரு பெண், "பையைக் குடுங்க, நான் வெச்சுக்கிறேன்" என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். முப்பது வயது இருக்கும். பிறகு நகர்ந்து எனக்கும் இடம் கொடுத்தாள். என் குரலைக் கேட்டு ரயில் நிலையத்தில் பேசுவது நான்தானா என்று கண்டுபிடித்துவிட்டாள். ஒரு அறிவிப்பைச் சொல்லிக் காட்டச் சொன்னாள். அவள் காதருகில் குனிந்து சொன்னேன், இரண்டு தடவை. கை தட்டிச் சிரித்தாள். அம்மாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், கூட இருந்து பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்றாள். முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டே போனோம். பெயரைக் கேட்கவில்லை. பஸ்ஸில் யார் கேட்கிறார்கள்?

ஆஸ்பத்திரியில் பட்டியல் கேட்டபோது எல்லாரையும் சொன்னேன். அவளைச் சொல்லவில்லை. நினைவில் இருந்தாள். ஆனால் பெயர் தெரியாத ஆளைப் பட்டியலில் என்னவென்று எழுதுவது என்று விட்டுவிட்டேன்.

சகோதரி, உங்கள்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை, பொறாமைதான் இருக்கிறது. நீங்கள் சொல்லிவிட்டீர்கள். உங்களுக்கு எழுத ஒரு விலாசம் இருந்தது. நான் கோபப்பட்டேன், அது தீர்ந்தது, இன்று உங்களுக்கு வணக்கம் போட்டு எழுதுகிறேன். நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? என்மேல் கோபப்பட யார் இருக்கிறார்கள்?

ஆட்களைத் தேடுவதுதான் இப்போது உங்கள் வேலை என்று உங்கள் தம்பி சொன்னார். தாமதம்தான், மூன்று மாதம் ஆகிவிட்டது, தெரியும். ஆனாலும் தெரிந்ததை எல்லாம் எழுதுகிறேன். மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊர் பஸ் நிலையத்திலிருந்து புறப்பட்ட மதியம் இரண்டரை மணி பஸ். டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை, சன்னலோரம். மஞ்சள் நிற மழைக்கோட்டு. சிரித்தால் வலது கன்னத்தில் மட்டும் குழி விழும்.

அவளையும் அவள் அம்மாவையும் தேடித் தருவீர்களா?

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
நடைமேடை